வாசகர் கேள்வி: ஊரடங்குக்குள் அகப்பட்ட பிள்ளை

கேள்வி: 2024 ஜூலையில் பங்களாதேஷில் இணையம் துண்டிக்கப்பட்டபோது, டாக்காவில் மருத்துவம் படிக்கும் என் மகனுடன் நான்கு நாட்கள் பேச முடியவில்லை. அத்தகைய வேளையில் எமது உயர் ஸ்தானிகராலயத்தால் உண்மையில் என்ன செய்ய முடியும்?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி.

பதில்: அந்நிய மண்ணில் வீதிக்கு வீதி காவல் போடும் அதிகாரம் எந்தத் தூதரகத்துக்கும் இல்லை. உங்கள் மகனைப் பாதுகாக்கும் முதற்கடமை அந்நாட்டு அரசுக்கே உரியது. ஸ்தானிகராலயம் அக்கடமையை வற்புறுத்தும், ஊரடங்கு அனுமதி பெற்று மாணவர்களை விமான நிலையம் வரை கொண்டுசேர்க்க முயலும். கைதான வெளிநாட்டவர் கேட்டுக்கொண்டால் அவருடைய நாட்டின் தூதரகத்துக்குத் தாமதமின்றி அறிவிக்கவேண்டும் என்கிறது, தூதரகப் பணிகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையான 1963ஆம் ஆண்டு வியன்னா சாசனத்தின் 36ஆம் உறுப்புரை. ‘கேட்டுக்கொண்டால்’ என்ற அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை என்பதுதான் எனக்குள்ள மனக்குறை.

நிலைமை முற்றினால் அயல்நாடுகளும் கைகொடுக்கும்; 2015இல் யேமனிலிருந்து இந்தியா 40க்கும் மேற்பட்ட நாடுகளின் மக்களை மீட்டபோது இலங்கையரும் அவர்களுள் இருந்தனர்.

ஆனால், பட்டியலில் பெயரில்லாதவரைத் தேடுவது கடினம். ஆகவே மகன் இன்னும் ஸ்தானிகராலயத்தில் பதிவுசெய்யாவிட்டால் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். அவருடைய கடவுச்சீட்டின் பிரதி, விடுதி முகவரி, விடுதிப் பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கைப்பேசியில் மட்டும் வைத்திராமல், காகிதமாக உங்கள் அலுமாரியிலும் வைத்திருங்கள்.