திட்டத்தைத் தேடும் முன் பட்டாவைப் பாருங்கள்

"எங்கள் ஊர் விவசாயிகளுக்கு நீர், மண் பாதுகாப்புத் திட்டங்களும் கடனும் எப்படித் தேடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரி பக்கம் 3.5 ஏக்கர் புஞ்சை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தேடுவதில் சிரமமே இல்லை. உழவன் செயலியில் மானியத் திட்டங்கள் துறைவாரியாக இருக்கின்றன. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டாலும் சொல்வார்கள். எங்களை நிறுத்தியது பட்டா. நிலம் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடந்தது. சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்கு எழுதிக் கொடுக்கப் போன அப்பாவிடம், அங்கிருந்த அலுவலர் நில உரிமை விவரம் இருக்கும் சிட்டாவைப் பார்த்துவிட்டு "இதுல உங்க பேரே இல்லையேங்க" என்றார். பெரியப்பா, அத்தை எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி, பாகப்பிரிவினை பதிந்து, சர்வேயர் வந்து அளந்து, உட்பிரிவு ஆகிப் பட்டா மாறுவதற்குள் இரண்டு கத்திரி வெயில் போய்விட்டது.

பட்டா கைக்கு வந்ததும் இ-சேவை மையத்தில் சிறு, குறு விவசாயி சான்றுக்கு விண்ணப்பியுங்கள். 5 ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு தாசில்தார் தருவார். தமிழ்நாட்டில் அந்தச் சான்று இருந்தால் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், இல்லாவிட்டால் 75. மானியப் பணம் நேரே குழாய் பதிக்கும் கம்பெனிக்குப் போகும். அதனால் குழாய் பதிக்கும் நாளில் வயலிலேயே நில்லுங்கள். எங்களுக்கு வந்த ஆட்கள் ஒரு முழம்கூடத் தோண்டவில்லை. அடுத்த உழவிலேயே கலப்பைக் கொழு குழாயைக் கிழித்துவிட்டது. இலவசம்தானே என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம், அது எங்கள் தப்பு.

சரி, கடன். முதலில் உள்ளூர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினர் ஆகுங்கள். பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது, அரசு ஏற்றுக்கொள்கிறது. தவணை தப்பினால் அந்தச் சலுகை போய்விடும். அப்பா கெடு தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைப்பார். வங்கியில் என்றால் கிசான் கிரெடிட் கார்டு: 3 லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4. நகைக்கடனை மட்டும் காட்டி அனுப்பப் பார்த்தால் கிசான் கார்டு விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், பலர் கண்டுகொள்ளாதது ஏரி வண்டல். தாசில்தார் அனுமதி வாங்கினால் மண் இலவசம், டிராக்டர் வாடகை மட்டும் நம்முடையது. கோடையில் ஏரி காய்ந்திருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் செம்மண்ணில் வண்டல் அடித்த பாத்தியில் நிலக்கடலை, தண்ணீர் பாய்ச்சிய நான்காம் நாளும் வாடாமல் நின்றது. பக்கத்துப் பாத்தியில் மூன்றாம் நாளே இலை மடங்கிவிட்டது.

எந்த மாவட்டம், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.