கரையான் மருந்து அடிக்க ஆள் கூப்பிடுகிறீர்களா?

கேள்வி: தர்மபுரியில் சொந்த வீடு. நிலையிலும் சுவர் அலமாரியிலும் கரையான் ஏறியிருக்கிறது. ஒருவர் போனிலேயே விலை சொல்லி, "அரை மணி நேர வேலை, வாசனையே வராது, மூணு வருஷம் வாரண்டி" என்கிறார். இன்னொருவர் வந்து பார்த்துவிட்டு, தரையில் துளை போட வேண்டும் என்று இரண்டு மடங்கு கேட்கிறார். டைல்ஸ் கெட்டுப்போகாதா? யாரிடம் கொடுப்பது?

பதில்: வந்து பார்த்தவரிடம் கொடுங்கள். வீட்டைப் பார்க்காமல் விலை சொல்கிறவருக்கு எங்கே, எவ்வளவு மருந்து வேண்டும் என்று எப்படித் தெரியும்?

நிலையில் நீங்கள் பார்ப்பது இரை தேடி வந்த கரையான்கள்தான். அவற்றின் கூடு பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும். மரத்தின் மேல் மட்டும் அடித்தால் கண்ணில் படுவது சாகும், மற்றவை வேறு விரிசல் வழியாக ஏறி வரும். அதனால்தான் கட்டி முடித்த வீடுகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி, சுவரும் தரையும் சேரும் இடத்தில் சுமார் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, அழுத்தத்தோடு மருந்தை உள்ளே இறக்கச் சொல்கிறது. துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர். முடிந்தவரை டைல்ஸ் இணைப்பிலேயே துளை போட்டு, பிறகு ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம்.

வேலைக்கு வருகிறவர் கையில் டிரில் மிஷின், மருந்து செலுத்தும் பம்பு, அளவு குடுவை, டார்ச், கையுறை, முகக்கவசம் இருக்க வேண்டும். வெறும் ஸ்ப்ரேயரோடு வந்து நின்றால் கரையான் வேலையை ஆரம்பிக்கவே விடாதீர்கள்.

மருந்துப் பாட்டில் சீல் உடையாமல் வர வேண்டும். லேபிளில் பதிவு எண், காலாவதி தேதி, நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணம் (சிவப்புதான் மிகக் கடுமையானது) எல்லாம் பாருங்கள். உங்கள் கண்முன்னே கலக்கச் சொல்லுங்கள். லேபிளில் மருந்தின் பெயர் இமிடாகுளோப்ரிட் 30.5 எஸ்.சி. என்று இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி.; குளோர்பைரிபாஸ் 20 இ.சி. என்றால் 50 மி.லி. முதலாவதில் வாசனை அவ்வளவாக வராது, இரண்டாவது நன்றாக நாறும். எனவே வாசனை இல்லை என்பதை மட்டும் வைத்து, போனில் விலை சொன்னவரைச் சந்தேகப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம்.

அப்புறம் காகிதங்கள். இந்தத் தொழிலுக்கு 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும், நகல் கேளுங்கள். வாரண்டியை வாயால் சொன்னால் போதாது. எந்தெந்த அறை, என்ன மருந்து, கரையான் திரும்ப வந்தால் இலவசமாக வந்து செய்வாரா என்பதெல்லாம் பில்லில் இருக்கட்டும். பிறகு ஏமாற்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லவும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் அந்தப் பில்தான் ஆதாரம்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் சின்ன மெஸ் நடத்துகிறேன். மாதாமாதம் புகை போடுகிறோம், கரப்பான் மட்டும் குறையவில்லை.

பதில்: புகையை நிறுத்துங்கள். அது பறக்கும் கொசுவுக்குச் சரி. சமையலறையின் சின்னப் பழுப்புக் கரப்பான் அடுப்புக்குப் பின்னால், ஃப்ரிட்ஜ் ரப்பருக்குள், மேடை இடுக்கில் ஒளிந்திருக்கும். புகை அங்கே சரியாகப் போய்ச் சேராது. முதலில் ராத்திரி பசை அட்டை வைத்து, எந்த மூலையில் அதிகம் ஒட்டுகிறது என்று பாருங்கள். அந்த இடுக்குகளில் ஜெல் மருந்தைப் புள்ளி புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள். ஜெல் மேலே ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் அதைத் தின்னாது. மேடை துடைக்கிறவரிடமும் அந்த இடங்களைக் காட்டிச் சொல்லி வையுங்கள்.