எட்டு மணி நேரம் ஆகியும் பீன்ஸ் வேகவில்லையே!
சமையலறைக் கேள்வி – பதில்

மெதுவான சூட்டில் மணிக்கணக்கில் சமைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கரில் ஹாமும் (பதப்படுத்திய பன்றித்தொடை) உலர்ந்த வெள்ளை பீன்ஸும் சேர்த்துச் சமைப்பது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த சமையல் இது. அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, விருந்துக்கு வாங்கிய ஹாமில் எலும்பும் கொஞ்சம் இறைச்சியும் மிஞ்சியது. அதோடு அரை கிலோ வெள்ளை பீன்ஸ், இரண்டு தக்காளி, வெங்காயம், உப்பு, ஒரு கரண்டி வினிகர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஸ்லோ குக்கரில் ‘லோ’வில் வைத்தேன். எட்டு மணி நேரம் கழித்தும் பீன்ஸ் நறுக் நறுக்கென்றுதான் இருந்தது. சாறோ வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்பு. வாசனை நன்றாக வந்ததால் அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தேன், அதுவும் காரணமா?

பதில்: அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் தக்காளியும் வினிகரும். பீன்ஸின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது கரைந்தால்தான் பீன்ஸ் குழையும். புளிப்பு சேர்ந்தால் பெக்டின் இறுகிக்கொள்ளும், மணிக்கணக்கில் வைத்தாலும் அசையாது. தக்காளி, வினிகர், எலுமிச்சை எதுவானாலும் பீன்ஸ் முழுவதும் வெந்த பிறகே உள்ளே போக வேண்டும். வெல்லப்பாகு சேர்ப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அதில் இருக்கும் கால்சியமும் பீன்ஸை இறுக்கும்.

அடுத்தது பீன்ஸின் வயது. கடை அலமாரியிலோ நம் டப்பாவிலோ சூட்டிலும் ஈரக்காற்றிலும் நெடுநாள் கிடந்த பீன்ஸ், எத்தனை ஊறவைத்தாலும் சரியாக வேகாது. ஊறிய பிறகும் தோல் சுருங்கியே இருக்கிற பீன்ஸ் நிறையத் தெரிந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். உங்கள் தண்ணீர் கடினத்தண்ணீர் என்றால் அதுவும் சேர்ந்து கெடுக்கும். அப்போது 450 கிராம் பீன்ஸுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா போதும். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும், பீன்ஸும் கூழாகிவிடும்.

மூடியைத் திறப்பது பற்றி: ஸ்லோ குக்கரின் சூடு மெதுவாக ஏறுவது. ஒரு தடவை திறந்தால், போன சூடு திரும்ப இருபது முப்பது நிமிடங்கள் ஆகிவிடும். மூன்று முறை திறந்தால் கணக்கு எங்கே போகும் பாருங்கள். கண்ணாடி மூடியின் உட்புறம் நீர் கோத்து உள்ளே ஒன்றும் தெரியாது, அது உண்மைதான். திறக்காமல் மூடியை மட்டும் லேசாகச் சுழற்றினால் அந்த நீர் வழிந்து இறங்கிவிடும்.

இனி உப்பு. ஹாம் என்பதே உப்பிலும் புகையிலும் பதப்படுத்திய பன்றித்தொடை. எலும்பைச் சுற்றியுள்ள இறைச்சியில் உப்பு ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது, எட்டு மணி நேரத்தில் அது எல்லாம் சாறுக்குள் இறங்கிவிடும். போதாததற்கு ஸ்லோ குக்கரில் நீர் ஆவியாகி வெளியேறுவது மிகக் குறைவு. அதனால் சமைக்கும்போது உப்பைத் தொடவே கூடாது. கடைசியில் ருசி பார்த்து, தேவையானால் மட்டும். ஹாம் ரொம்ப உப்பாக இருந்தால் எலும்பைத் தனியாகப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே உப்பாகிவிட்டதை எப்படிச் சரிசெய்வது? உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். அது உப்பை மட்டும் தேடி எடுக்காது, சாறையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். உப்பில்லாமல் தனியாக வேகவைத்த பீன்ஸையும் வெந்நீரையும் சேர்த்து அளவைப் பெருக்குவதே நல்ல வழி. மிஞ்சினால் ஃப்ரீசரில் வைக்கலாம்.

கேள்வி: அப்படியானால் நீங்கள் செய்யும் முறையை அளவோடு சொல்லுங்களேன் அம்மா.

பதில்: சொல்கிறேன். 450 கிராம் வெள்ளை பீன்ஸ். சிறிய நேவி பீன்ஸ் நன்றாகக் கரைந்து சாறைக் கெட்டியாக்கும். சற்றுப் பெரிய கிரேட் நார்தர்ன் வகை முழுசாக நிற்கும். எனக்கு நேவிதான் பிடிக்கும். வெள்ளைத் தட்டில் பரப்பிக் கல்லும் உடைசலும் பொறுக்கி எடுப்பேன். பிறகு இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு கரைத்து இரவு முழுவதும் ஊறவைப்பேன். உப்பு சேர்க்காதே என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். இது ஊறவைக்கிற தண்ணீர் மட்டும். தோலில் இருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் இடத்தை இந்த உப்பின் சோடியம் பிடித்துக்கொள்ளும். அதனால் தோல் மெத்தென்று வேகும், வெடித்துச் சிதறாது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கழுவ வேண்டும். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

கழுவிய பீன்ஸைப் புதுத் தண்ணீரில் அடுப்பில் வைத்துத் தளதளவென்று பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிப்பேன். ஏன் என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள். ஸ்லோ குக்கரின் அடியில் கேரட், செலரி, ஒரு பெரிய வெங்காயம், நான்கு பல் பூண்டு. கிழங்கு வகைகள் இறைச்சியைவிட மெதுவாக வேகும், அதனால் அவை அடியிலும் ஓரத்திலும் இருப்பது நல்லது. மேலே பீன்ஸ், நடுவில் ஹாம் எலும்பு, இரண்டு பிரியாணி இலை, மிளகு. பீன்ஸுக்கு மேல் இரண்டு விரல்கடை நிற்கும்படி வெந்நீர், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். பாத்திரம் பாதிக்குக் குறையாமல், மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். ‘லோ’வில் எட்டு மணி நேரம், ‘ஹை’யில் நான்கரை முதல் ஆறு மணி நேரம். எனக்கு ‘லோ’தான். எலும்பை ஒட்டிய தசைநார் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக இறங்கும்போதுதான் சாறுக்கு அந்த வழவழப்பு வரும். அவசரப்படுத்தினால் அது வருவதில்லை.

வெந்ததா என்று பார்க்க ஒரு பீன்ஸை மட்டும் நம்பாதீர்கள். வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்தாறு எடுத்துக் கடித்துப் பாருங்கள். கரண்டியில் எடுத்து ஊதினால் தோல் சுருண்டு பிரியும், அதுவும் நல்ல அடையாளம். பிறகு எலும்பை எடுத்து இறைச்சியைப் பிய்த்து உள்ளே போட்டு, இரண்டு கரண்டி பீன்ஸை மசித்துக் கலந்தால் மாவு எதுவும் இல்லாமலே கெட்டியாகிவிடும். அமெரிக்க செனட் சபை உணவகத்தில் அன்றாடம் பரிமாறுகிற பீன்ஸ் சூப்பும் நேவி பீன்ஸ், ஹாம் எலும்பு, வெங்காயம் சேர்ந்ததுதான். அதன் பழைய குறிப்பு ஒன்றில் மசித்த உருளைக்கிழங்கு சேர்க்கிறார்கள். மசித்த பீன்ஸே எனக்குப் போதும். இறக்கும்போது அரைத் தேக்கரண்டி வினிகர் விடுங்கள். புகை வாசனையும் கொழுப்பும் சேர்ந்த கனத்தை அது நன்றாகத் தூக்கிக் கொடுக்கும்.

கேள்வி: வீட்டில் வெள்ளை பீன்ஸ் இல்லை, ராஜ்மா இருக்கிறது. ஊறவைத்து நேராக ஸ்லோ குக்கரில் போடலாமா?

பதில்: போடவே கூடாது. இந்தப் பகுதியில் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்.

ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற இயற்கை நச்சு நிறைய இருக்கிறது. வேகாத நாலைந்து ராஜ்மா தின்றாலே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான குமட்டல், வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு என்று ஆளைப் படுக்கவைத்துவிடும். தளதளவென்று கொதித்தால் அந்த நச்சு அழியும். ஆனால் 80 டிகிரி செல்சியஸ் அளவில் மட்டும் சூடாகும்போது நச்சின் வீரியம் வேகாத பீன்ஸில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடலாம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். ஸ்லோ குக்கர் மணிக்கணக்கில் அந்தச் சூட்டின் பக்கத்திலேயே நிற்கலாம், முழுக் கொதியைத் தொடாமலும் போகலாம். பீன்ஸ் மெத்தென்று ஆகியிருக்கும், வெந்துவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம். அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு கண்டிப்பு.

குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் முழுக் கொதியில் வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் நச்சு அழியும் என்றாலும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாதுகாப்புக்காக 30 நிமிடம் கொதிக்கவைக்கச் சொல்கிறது. ராஜ்மாவுக்கு நானும் முப்பதுதான் சொல்வேன். அதன் பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள், எந்தத் தொந்தரவும் இல்லை. வெள்ளை வகைகளில் இந்த நச்சு குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. அதனால் அவற்றையும் கொதிக்கவைக்காமல் நான் போடுவதில்லை. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது. அதைக் கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்த்தால் சரி.

கேள்வி: ஃப்ரீசரில் கல்லாக இருக்கும் ஹாமை அப்படியே போடலாமா? மின்சாரம் நடுவில் போனால் என்ன செய்வது?

பதில்: உறைந்ததை அப்படியே போடாதீர்கள் ஐயா. கிருமிகள் பெருகுகிற இடைச்சூட்டில் உணவு நெடுநேரம் நின்றுவிடும். முந்தைய நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக் கரையவிடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாதபோது மின்சாரம் போய், எவ்வளவு நேரம் போனது என்றும் தெரியவில்லை என்றால், பார்க்க நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். வீட்டில் இருந்தால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றிக் கொதிக்கவிட்டு முடித்துவிடலாம்.

கேள்வி: மிஞ்சியதை மறுநாள் ஸ்லோ குக்கரிலேயே சூடுபடுத்தலாமா?

பதில்: வேண்டாம். அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள். இரவில் அந்தக் கனத்த பீங்கான் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைப்பதும் தவறு, உள்ளே இருப்பது ஆறவே ஆறாது. ஆழமில்லாத சின்னப் பாத்திரங்களில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். மறுநாள் பீன்ஸ் சாறைக் குடித்து இறுகிப்போய் இருக்கும், கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம். எனக்கு முதல் நாளைவிட மறுநாள் ருசிதான் அதிகம் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. இதே சுவை வருமா?

பதில்: புகையூட்டிய வான்கோழிக் கால் கிடைத்தால் நெருங்கி வரும், எலும்பின் வழவழப்பும் கிடைக்கும். சைவமாகச் செய்வதானால் வெங்காயத்தை எண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கி, புகையூட்டிய பாப்ரிகா தூள் ஒரு தேக்கரண்டி சேருங்கள். மசிக்கும் பீன்ஸை இரட்டிப்பாக்குங்கள். இரண்டு வகையிலும் உப்பைக் கடைசியில் நீங்களே பார்த்துப் போட வேண்டும்.

கேள்வி: ஸ்லோ குக்கரை முதலில் எதற்காகக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: பீன்ஸுக்காகவே என்று சொல்லலாம்! இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1936-இல் விண்ணப்பித்து 1940-இல் காப்புரிமை பெற்றார். யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுவதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை மாலையே சோலன்ட் என்ற குழம்பை ரொட்டிக்கடையின் தணிந்த அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் எடுப்பார்கள். பீன்ஸ்தான் அதில் முக்கியம். லித்துவேனியாவில் அப்படிச் சமைத்ததைத் தாய் சொல்லக் கேட்டு நாக்சனுக்கு இந்த யோசனை வந்தது. ‘நாக்சன் பீனரி’ என்ற பெயரில் விற்றார். 1970-இல் ரைவல் நிறுவனம் அவரிடமிருந்து வாங்கி, 1971-இல் ‘கிராக் பாட்’ என்ற பெயரில் கடைகளுக்குக் கொண்டுவந்தது.