துடைப்பதற்கு முன் பாருங்கள்: பழைய கிட்டார் கேள்வி-பதில்

எஸ்டேட் பங்களாக்களிலும் பள்ளி ஆசிரியர்கள் விட்டுப்போன பெட்டிகளிலும் மலையில் இன்னும் பழைய கிட்டார்கள் கிடைக்கின்றன. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அவற்றின் உலோகப் பாகங்களின் வயது பற்றியவை.

கொடைக்கானல் வாசகர்: அமெரிக்க ஆசிரியர் ஒருவர் கொடுத்துச் சென்ற கிட்டாரின், கம்பியை முறுக்கும் டியூனிங் கீ மூடியில் ‘கிளூசன் டீலக்ஸ்’ என்று இருக்கிறது. எந்த வருஷம்?

கிளூசன் என்பது கீ தயாரித்த கம்பெனி. எழுத்து நடுவில் ஒரே வரியாக ஓடினால் பெரும்பாலும் 1956 முதல் 1964 வரை. ‘கிளூசன்’ ஒரு வரி, ‘டீலக்ஸ்’ பக்கத்தில் இன்னொரு வரி என்றால் அதற்குப் பிந்தியது. ஆனால் இதே எழுத்தோடு புதுக் கீகள் இன்றும் விற்கின்றன. அதனால் எழுத்தை மட்டும் நம்பாமல் ஒரு கீயைக் கழற்றி, அடியில் இருக்கும் மரத்தைப் பாருங்கள். ஆதியிலிருந்தே இருந்த கீ என்றால், மூடியின் வடிவத்துக்கு வார்னிஷ் நிறம் மாறாமல் அச்சுப் போல நிற்கும். உபரித் திருகு ஓட்டைகள் இருக்காது. துளையையும் அளந்துவிடுங்கள். கிளூசனுக்கு ஏறத்தாழ 8.8 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் இருந்தால், இடையில் யாரோ வேறு கீ மாட்டுவதற்காகத் துளையை அகட்டியிருக்கிறார்கள். இப்போது இருக்கும் கீ எத்தனை பழசாக இருந்தாலும் பிற்பாடு வந்து உட்கார்ந்ததுதான்.

குன்னூர் வாசகி: தாத்தாவின் கிட்டாரில் கீயைத் திருகும் பட்டன்கள் பொடிந்து உதிர்கின்றன. பக்கத்து உலோகமெல்லாம் பச்சை. ரொம்பப் பழசு என்று அர்த்தமா?

பட்டனை விரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு. அதைக் கற்பூரம் சேர்த்துத்தான் செய்வார்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பரவலாக இருந்தது, அப்புறம் மற்ற பிளாஸ்டிக்குகள் அதன் இடத்தைப் பிடித்தன. காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை மட்டும் வேண்டவே வேண்டாம், குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பச்சைக் களிம்பை வைத்து வயது சொல்ல முடியாது. செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிப் பித்தளையைத் தின்கிறது. மூடிய பெட்டி, அதோடு நம் ஊர் மழைக்கால ஈரம் என்றால் சில வருஷங்களிலேயே நூறு வருஷக் கோலம் வந்துவிடும். கெட்ட பட்டன்களை இன்றே கழற்றிப் படம் எடுத்துக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி, காகித உறையில் வையுங்கள். கிட்டாரையும் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். பல்சக்கரம் நன்றாக இருந்தால் தாத்தாவின் கீயிலேயே புதுப் பட்டன் மாட்டலாம். முழுக் கீயையும் மாற்றச் சொல்கிறவர்களுக்குத் தயவுசெய்து இடம் கொடுக்காதீர்கள்.

ஊட்டி வாசகர்: வால்யூம் பாட்டின் (ஒலியளவுக் குமிழுக்கு அடியிலுள்ள மின்பாகம்) முதுகில் 1377633 என்று இருக்கிறது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு அடியில் 2,737,842 என்ற காப்புரிமை எண். இரண்டையும் வைத்து வருஷம் சொல்ல முடியுமா?

முதல் எண் சொல்லும். 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, 76 வருஷம், 33 வாரம். அதாவது 1976 ஆகஸ்ட். (304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் என்ற இன்னொரு கம்பெனி.) ஆனால் அது பாட் தயாரான தேதி. கிட்டார் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்பது வரைதான் சொல்லலாம், அதுவும் பாட் மாற்றப்படாமல் இருந்தால்! ஃபெண்டர் என்ற கிட்டார் கம்பெனி 1966-இல் மொத்தமாக வாங்கிய பாட்களை அடுத்த சில வருஷங்களுக்கு மாட்டிக்கொண்டே இருந்தது. பாட் மாற்றப்பட்டதா என்று அறிய, சால்டர் (ஈயப் பற்று) தொட்ட இடம் பழைய மங்கலோடு இருக்கிறதா, பளபளப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

காப்புரிமை எண்ணை வைத்து எதையும் கணக்கிட வேண்டாம். கிப்சன் கம்பெனி தன் ஹம்பக்கர் வகைப் பிக்கப்புகளில் போட்ட அந்த எண், கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் டெயில்பீஸுக்கு (கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் பாகம்) கிடைத்தது. பிக்கப்பின் சொந்த எண் 2,896,491, அது 1959-இல்தான் வந்தது.

கோத்தகிரி வாசகர்: ‘மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி’ என்று முத்திரை இருக்கிறது.

1949-க்கும் 1990-க்கும் இடையில். அதற்கு மேல் முத்திரையிலிருந்து எடுக்க முடியாது.

இன்னொரு கோத்தகிரி வாசகர்: பிராசோ போடலாமா, புளி போடலாமா?

இரண்டும் வேண்டாம். அமெரிக்கக் கிட்டார் என்றால் முலாமே ஒரு சாட்சி: கிப்சன் 1965 வாக்கில்தான் நிக்கலிலிருந்து குரோமுக்கு மாறியது. நிக்கல் லேசான மஞ்சளோடு மங்கும், குரோம் நீலச் சாயலோடு பளிச்சென்றே இருக்கும். அழுத்தித் தேய்த்தால் மெல்லிய நிக்கல் போய்ப் பித்தளை தெரியும், அந்த வித்தியாசத்தைப் பிறகு யாராலும் படிக்க முடியாது. உலர்ந்த பருத்தித் துணி, திருகில் ஒரு சொட்டு மெஷின் ஆயில், அவ்வளவு போதும்.