அறுபது மதிப்பெண் வாங்குபவள்

அன்புள்ள ஐயா,

நான் இயற்பியல் ஆசிரியை. அறிவியலும் பொறியியலும் படிக்கத் தயங்கும் மாணவிகளுக்காகப் பள்ளியில் ஒரு வட்டம் தொடங்கி, வகுப்பில் முதல் ஐந்து இடங்களில் வரும் பெண்களைச் சேர்த்திருக்கிறேன். எந்தப் பெண் விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகளை அவர்களுக்குக் கொடுக்கலாம்? பெண்களுக்கெனத் தனி வகுப்பு பயன் தருமா?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தனி வகுப்பு பற்றி எனக்குப் பெரிய கருத்து எதுவும் இல்லை, நடத்திப் பாருங்கள். ஆனால் முதல் ஐந்து பேரை மட்டும் ஏன் பொறுக்கினீர்கள்? அவர்களுக்கு உங்கள் வட்டம் தேவையே இல்லை.

வாழ்க்கை வரலாறுகளில் எனக்கு அச்சம் உண்டு. இயற்பியலாளர் மரியா கோப்பெர்ட் மேயர் 1930இல் முனைவர் பட்டம் பெற்றவர். கணவர் அங்கே பேராசிரியர் என்பதால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு முறையான பதவி தரவில்லை. பின்னர் சிகாகோ பல்கலைக்கழகம் பதவியைத் தந்து சம்பளத்தைத் தரவில்லை. அணுக்கருவுக்குள் துகள்கள் அடுக்கடுக்கான கூடுகளாக அமைந்திருப்பதாக விளக்கும் கூடு மாதிரியை அவர் முன்வைத்தது அந்தச் சிகாகோ ஆண்டுகளில்தான். முழுச் சம்பளத்துடன் பேராசிரியரானது 1960இல். 1963இல் நோபல் பரிசு. கணிதமேதை எம்மி நோதரோ ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள், அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை ஊதியமின்றி நடத்தினார். இதையெல்லாம் விடாமுயற்சியின் காவியமாக்கி ஒரு சிறுமியின் கையில் கொடுத்தால் அவள் என்ன புரிந்துகொள்வாள்? நோபல் பரிசுக்குரிய மூளை இருந்தாலும் சம்பளமில்லாமல் காத்திருக்க வேண்டும் என்றுதானே! அந்த நிறுவனங்களின் கஞ்சத்தனத்தை இவர்களின் பெருமையாக மாற்றிச் சொல்வதை இனியாவது நிறுத்துங்கள்.

நான் பொறியியல் படித்த வகுப்பில் அரியர் வைக்காத பையனைத் தேட வேண்டியிருந்தது. அவர்களில் பலர் இன்று நல்ல பொறியாளர்கள். பாலமும் பம்பும் ஒழுங்காகவே இயங்குகின்றன. உடன் படித்த சில பெண்களோ அத்தனை பேரும் முதல் வகுப்பு. அப்போது அதை வியந்தோம். இப்போது யோசித்தால் கோபம் வருகிறது. சுமாராகப் படிக்கும் பையனுக்குப் பொறியியல் இயல்பான வழியாகவும், அதே மதிப்பெண் பெற்ற பெண்ணுக்கு அது தகுதிக்கு மீறிய ஆசையாகவும் தெரிந்ததால்தானே அந்த வகுப்பில் சுமாரான பெண் ஒருத்திகூட இல்லை? மேதைகளுக்கு மட்டுமே இடமுள்ள தொழில் பெண்களுக்குத் திறக்கப்பட்ட தொழில் ஆகாது. சராசரியாக இருந்து, தவறு செய்து, திருத்திக்கொண்டு, மாதச் சம்பளம் வாங்கி வீடு திரும்பும் உரிமையும் அவளுக்கு வேண்டும்.

உங்கள் அக்கறையைக் குறை சொல்லவில்லை அம்மா. இத்தனை வேலைக்கு நடுவே இதைத் தொடங்கியதே பெரிது. புத்தகம் இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு அறுபது மதிப்பெண் வாங்குபவளை அழைத்து, பழைய மின்விசிறியின் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் பூட்டச் சொல்லுங்கள். பூட்டத் தெரியாமல் விழித்தால் விழிக்கட்டும். அவள் கேட்கும்வரை கருவியை அவள் கையிலிருந்து வாங்காதீர்கள்.