சந்தில் புகுந்தால் தூரம் குறையுமா?

கேள்வி: சவுகார்பேட்டையில் வடக்கே 800 மீட்டர், கிழக்கே 600 மீட்டர் தள்ளி சரக்கு இறக்க வேண்டும். சந்து சந்தாகப் புகுந்து போனால் மீன்பாடி வண்டிக்கு (மூன்று சக்கரச் சரக்கு மிதிவண்டி) மிதி மிச்சமாகுமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஆகாது. தெருக்கள் செங்குத்தாக வெட்டிக்கொண்டால், ஒருமுறை திரும்பினாலும் இருபது முறை திரும்பினாலும் வடக்கே போன துண்டுகளின் கூட்டல் 800, கிழக்கே போனவை 600. மொத்தம் 1,400 மீட்டர்தான். காகிதத்தில் வரைந்தால் அந்தப் படிக்கட்டுக் கோடு மூலைவிட்டத்தை ஒட்டியே போவதாகத் தெரியும். கண் ஏமாறுவது அங்கேதான். மூலைவிட்டம் 1,000 மீட்டர் (6,40,000 + 3,60,000 = 10,00,000; அதன் வர்க்கமூலம்). ஆனால் அந்தக் கோட்டில் வீடுகள் நிற்கின்றனவே! சாய்வான தெரு கிடைத்தால் மட்டுமே லாபம்: 400-ம் 300-ம் மிதிப்பதற்குப் பதில் 500. வழியில் 50 மீட்டர் தெற்கே திரும்ப நேர்ந்தால், கூடுவது 50 அல்ல, 100; அந்த 50-ஐ வடக்கே மறுபடியும் மிதிக்க வேண்டுமே!