பட்டாளத்துக்குத் தயாராகும் மருமகன்

அன்புள்ள ஐயா,

எனக்கு உசிலம்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம். என் தங்கை மகன் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான். பதினெட்டு ஆக இன்னும் சில மாதம் இருக்கிறது. தகப்பன் இல்லாத பிள்ளை, தாய்மாமன் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சில மாதங்களாக ஒரு மிலிட்டரி அகாடமியில் தங்கிப் பயிற்சி எடுக்கிறான். நடத்துபவர் எக்ஸ் சர்வீஸ்மேன், நல்ல மனிதர். பையன் திருந்திவிட்டான், காலையில் நாலரைக்கே எழுந்துவிடுகிறான். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கல்லூரியில் இடம் கிடைத்தும் சேர மாட்டேன் என்கிறான். ஏதாவது சொன்னால் "சிவிலியன் மாதிரிப் பேசாதீங்க மாமா" என்கிறான். "நம்ம ரத்தத்துலயே வீரம் இருக்கு, நமக்கு எதுக்கு டிகிரி" என்று வாத்தியார் சொன்னாராம். அமெரிக்காவில் ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகளின் மனதை எப்படி மாற்றுகிறார்கள் என்று சமீபத்தில் ஒரு கட்டுரை படித்தேன். இங்கேயும் அதுதான் நடக்கிறதா? இதற்கிடையில் ஒருத்தர் வந்து, இரண்டு லட்சம் கொடுத்தால் செலக்‌ஷன் உறுதி என்கிறார். நான் அவனைத் தடுக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் வெளியிடவில்லை.)

*

அன்புள்ள நண்பருக்கு,

தடுக்காதீர்கள். ஆனால் அவனுக்குச் சொல்லப்படாத பாதியைச் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது.

முதலில் அமெரிக்கா. அங்கே 1973-ல் கட்டாய ராணுவ சேவை முடிவுக்கு வந்தது. ஆட்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே ராணுவத்தில் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு இத்தனை பேர் என்று அவர்களுக்கு இலக்கு உண்டு. மத்திய அரசின் நிதி பெறும் பள்ளிகள், பெற்றோர் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், மேல்நிலை மாணவர்களின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2001-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கல்விச் சட்டமே சொல்கிறது. கையெழுத்துப் போட்டபின் பயிற்சிக்குக் கிளம்ப ஒரு வருடம் வரைகூட ஆகலாம். அந்த இடைக்காலத்தில் பையனை வாராவாரம் கூப்பிட்டுப் பேசுவார்கள், ஓட வைப்பார்கள், பதவிப் பெயர்களைப் படிக்க வைப்பார்கள். கிளம்புவதற்கு முன்னால் மனம் மாறினால் தண்டனை இல்லாமல் விலகிக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் ஊரெல்லாம் அவனை சிப்பாய் என்று கூப்பிட ஆரம்பித்திருக்கும், விலக அவனுக்கே கூச்சமாக இருக்கும். வாயால் சொன்ன வாக்குறுதிக்கு அங்கே மதிப்பில்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டும்தான் செல்லும்.

மதுரைப் பக்கம் யாரும் வீட்டுக் கதவைத் தட்டிக் கூப்பிடுவதில்லை. நம் மாவட்டத்துக்கான ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகமே கோயம்புத்தூரில் இருக்கிறது. அவர்கள் தேதியை அறிவித்தால் போதும், பையன்கள் முட்டி மோதி வந்து நிற்பார்கள். அப்படியானால் இவர்களின் மனதைத் தயார் செய்வது யார்? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அந்த வாத்தியார், ஊருக்கு லீவில் வரும் பட்டாளத்துக்காரர், கூட ஓடும் பையன்கள் எல்லோரும் சேர்ந்துதான். அரசாங்கத்தின் சம்பளம் வாங்காமலேயே ஆள்சேர்ப்பு வேலையில் முக்கால்வாசியை இவர்கள் முடித்துவிடுகிறார்கள்.

திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் விடியற்காலையில் போனால் இதைப் பார்க்கலாம். வற்றிய கண்மாய்க்குள் ஓடுபாதை போட்டிருப்பார்கள். இரண்டு இரும்புக் கம்பத்துக்கு நடுவே தண்ணீர்க் குழாயை வெல்டிங் வைத்திருப்பார்கள், அதற்குப் பெயர் பீம், அதில் தொங்கி உடம்பை மேலே தூக்க வேண்டும். பக்கத்தில் தாண்டிப் பழக ஒன்பது அடிக்கு ஒரு பள்ளம். வாத்தியார் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று கடைசிச் சுற்றில் குரல் கொடுப்பார். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண், பீமில் பத்து முறை உடம்பைத் தூக்கினால் 40. ஆறு மாதத்துக்கு முன்னால் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்தவன் இன்று கோட்டைத் தாண்டும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவனை இப்படி யாரும் பாராட்டியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு 'சபாஷ்'தான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. செல்போனும் சுற்றலுமாக இருந்த பிள்ளைகளுக்கு ஒரு ஒழுங்கைக் கொடுத்ததற்காக அந்த வாத்தியார்கள்மீது எனக்கு மரியாதைதான்.

என் வருத்தம் வேறு. வாத்தியார் பொய் சொல்வதில்லை. தான் வாழ்ந்ததைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் சேர்ந்த பட்டாளம் வேறு, உங்கள் மருமகன் சேரப்போகும் பட்டாளம் வேறு. அவர் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்திருப்பார். வீடு கட்டியிருப்பார். கேன்டீன் கார்டு இருக்கும், குடும்பத்துக்கு மருத்துவ வசதி இருக்கும், முன்னாள் ராணுவத்தினருக்கான ஒதுக்கீட்டில் இன்னொரு வேலையும் கிடைத்திருக்கலாம். கண்மாய்க்குள் ஓடும் பையனுக்கு அவர் பேச்சைவிட அவர் வாழ்க்கைதான் பெரிய ஆதாரம். இவர் மாதிரி ஆகிவிடலாம் என்று அவன் நினைக்கிறான்.

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டபின் அந்தக் கணக்கு மாறிவிட்டது. அக்னிவீரராகச் சேர்பவருக்கு பயிற்சிக் காலமும் சேர்த்து நான்கு வருடம்தான் பணி. அது முடிந்ததும் ஒவ்வொரு அணியிலும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். நான்கு பேர் சேர்ந்தால் மூன்று பேர் ஊருக்குத் திரும்ப வேண்டும். முதல் வருடம் மாதச் சம்பளம் 30,000, அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்தம் போக 21,000 கையில் வரும். நான்காம் வருடம் 40,000 சம்பளத்தில் 28,000 வரும். நான்கு வருடத்தில் பிடித்தது மொத்தம் 5.02 லட்சம், அதே அளவுக்கு அரசாங்கமும் போடும், வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். அந்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது. பணியில் இருக்கும்வரை 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு. நிரந்தரமாகாமல் திரும்புபவருக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்தும் இல்லை. கேன்டீன் கார்டும் கிடையாது.

இருபத்திரண்டு வயதுப் பையன் கையில் பதினோரு லட்சம் என்பது நம் பக்கத்தில் சின்னத் தொகை இல்லை. நான் இந்தத் திட்டத்தை ஒரேயடியாகத் தள்ளவும் இல்லை. வீட்டுக் கடனை அடைக்கலாம், தங்கைக்குக் கல்யாணம் செய்யலாம், ஒரு தொழிலும் தொடங்கலாம். ஆனால் இது நான்கு வருட வேலை என்று தெரிந்து போகிறவனும், ஆயுசுக்கும் பென்ஷன் வேலை என்ற நினைப்பில் போகிறவனும் ஒரே மாதிரி முடிவெடுக்க மாட்டார்கள். தெரிந்து போகிறவன் கல்லூரியை இப்படி உதற மாட்டான். முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனவர்கள். நான்கு வருடத்தை முடித்து வருபவர்களிடமிருந்து இனிமேல்தான் நம் ஊர்ப் பையன்களுக்கு இன்றைய பட்டாளத்தைப் பற்றிய நேரடி அனுபவம் கிடைக்கும். அதுவரை பழைய வாத்தியார்களின் வாழ்க்கையை வைத்துத்தான் அவர்கள் கணக்குப் போடுவார்கள். வாத்தியார்தான் முன்வந்து "எனக்குக் கிடைத்தது உனக்குக் கிடைக்காமல் போகலாம்" என்று சொல்ல வேண்டும். அகாடமிக்குப் பணம் கட்டும் தாய்மாமனாக நீங்களே அதை அவரிடம் கேட்கலாம்.

'ரத்தத்துலயே வீரம்' என்ற பேச்சைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இன்ன சாதி போர்ச் சாதி, இன்ன சாதி இல்லை என்று கணக்கு எழுதி வைத்தது வெள்ளைக்காரன். 1881 முதல் சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்து, பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியான ராபர்ட்ஸ், தெற்கத்திச் சிப்பாய்கள் போருக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டியவர். அதன்பின் தமிழ்ப் பிள்ளைகளைப் படையில் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இரண்டு உலகப் போர்களிலும் ஆள் பற்றாக்குறை வந்ததும் அதே பிள்ளைகளுக்கு மறுபடி கதவு திறந்தது. இடையில் இவர்கள் ரத்தம் ஒன்றும் மாறவில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்துக்கு இது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று எழுதிக் கைரேகை கேட்டதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள். ரத்தத்தில் குற்றம் என்று எழுதியதும் ரத்தத்தில் வீரம் என்று எழுதியதும் ஒரே சர்க்கார்தான். அந்தப் பேச்சை எடுத்து இன்று ஒரு பையனின் படிப்பை நிறுத்துவதற்குப் பயன்படுத்தக் கூடாது. அவன் வேகமாக ஓடுவது காலையில் நாலரைக்கு எழுந்து ஓடியதால்தான்.

படிப்பு என்றதும் இன்னொன்று. முன்பெல்லாம் கிரவுண்ட் முதலில், அப்புறம் மெடிக்கல், கடைசியில் எழுத்துத் தேர்வு. 2023 முதல் இது தலைகீழாகிவிட்டது. முதலில் கணினியில் பொதுத் தேர்வு, அதில் தேறியவர்களைத்தான் ஓடுவதற்கே கூப்பிடுவார்கள். 1.6 கிலோமீட்டரை அஞ்சு இருபதில் முடிக்கிற பையன், கணக்கும் பொது அறிவும் வராமல் கிரவுண்டையே பார்க்காமல் போய்விடுகிறான். அகாடமியில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறார்கள், எத்தனை மணி நேரம் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். என்சிசி சான்றிதழுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. கல்லூரியில் சேர்ந்தால் அதையும் வாங்கலாம், அதனால் டிகிரி அவனுக்கு இடைஞ்சலாக இருக்காது.

அவன் உடம்பையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டுக்கு ஜிடி என்கிற பொதுச் சிப்பாய் பணிக்கு உயரம் 166 சென்டிமீட்டர், மார்பளவு 77, மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். குளித்துவிட்டு ஈரக்காலோடு சிமென்ட் தரையில் நடக்கச் சொல்லுங்கள். தடத்தில் உள்வளைவு தெரியாமல் பாதம் முழுக்கப் பதிந்தால் தட்டைப் பாதமாக இருக்கலாம். நேராக நிற்கும்போது கணுக்கால்கள் சேராமல் முட்டி மட்டும் இடித்தால் அதுவும் மெடிக்கலில் பிரச்சினை. இரண்டு வருடம் ஓடி, ஃபீஸ் கட்டி, கடைசியில் மெடிக்கலில் இதற்காகத் திரும்பி வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டியிருந்தால் அந்த இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும்.

அந்த இரண்டு லட்சம் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர்கள் தொழிலைத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். பத்து வீட்டில் பணம் வாங்குவார்கள், யாருக்காகவும் எதுவும் செய்ய மாட்டார்கள். பத்தில் இரண்டு பையன் எப்படியும் சொந்தத் திறமையில் தேறுவான். அந்த இரண்டு வீட்டுப் பணத்தை வைத்துக்கொண்டு மீதி எட்டு வீட்டுக்கும் "இந்தத் தடவை முடியலண்ணே" என்று திருப்பிக் கொடுப்பார்கள். நாணயமான ஆள் என்ற பெயரும் கிடைத்துவிடும். சில பேர் அதையும் திருப்பித் தருவதில்லை, பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுவார்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், அகாடமியாக இருந்தாலும் சரி. விண்ணப்பத்தோடு தேர்வுக் கட்டணமாக ஒரு சின்னத் தொகை கட்ட வேண்டியிருக்கும். அதைத் தவிர ராணுவத்தில் சேர யாருக்கும் ஒரு பைசா தர வேண்டாம்.

'சிவிலியன்' என்று அவன் சொன்னதற்கு நீங்கள் நொந்துபோகாதீர்கள். இன்னும் சேராத பட்டாளத்தின் பெருமையை இப்போதே போட்டுப் பார்க்கிற வயது அது. ஆனால் செலக்‌ஷன் ஆகாமல் போனால் அந்தப் பெருமையே அவனை அறுக்கும். வயது வரம்பு இருபதுகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் கண்மாய்க்கும் போக முடியாமல், கல்லூரிக்கும் போகக் கூச்சப்பட்டு, வீட்டுக்குள்ளேயே முடங்கும் பையன்களை நம் பக்கத்தில் ஊருக்கு நாலு பேராவது பார்க்கலாம். அவர்களை யாரும் தேடிப் போவதில்லை. அகாடமி வாசல் பேனரில் தேறியவர்களின் போட்டோதான் இருக்கும். தேறாதவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று வாத்தியாரிடம் கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் இருந்தால் உங்கள் மருமகன் நல்ல கையில் இருக்கிறான் என்று நம்பலாம்.

இந்த வருடமே ஏதாவது ஒரு டிகிரியில் அவன் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஓட்டம் ஓட்டமாக நடக்கட்டும். செலக்‌ஷன் ஆகிவிட்டால் பணியில் இருந்துகொண்டே படிக்கவும் வழி இருக்கிறது. அக்னிவீரர்களுக்கென்றே இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப்படிப்பு உண்டு, படையில் எடுக்கும் பயிற்சிக்கே அதில் பாதி மதிப்பைத் தருகிறார்கள்.

பதினெட்டு முடிவதற்குள் அழைப்பு வந்தால் பெற்றோர் சம்மதக் கையெழுத்து கேட்பார்கள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியையும் பையனையும் சேர்த்து உட்கார வைத்து, மேலே சொன்ன சம்பளக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். நான்காவது வருடத்துக்கு அப்புறம் என்ன செய்யப் போகிறான் என்பதை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். வாத்தியாரும் வந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்.